காயமில்லாச் சாவும் கொலையாளியில்லாக் கொலையும்: நீலகிரிக் குறும்பர் கொலைகள் (1835–1900)

முன்னுரை

விக்டோரியா காலத்துத் துப்புத்துலங்காக் கொலைகள் என்றவுடன் ஆய்வுலகின் நினைவுக்கு வருவது இலண்டன் மாநகரின் ஒயிட்சாப்பல் பகுதியே. 1888 ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரை அங்கு நிகழ்ந்த ஐந்து கொலைகள் ஒரே கையின் செயல் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றன. கொன்றவன் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆனால் கொல்லப்பட்ட ஐந்து பெண்களின் பெயரும் வயதும் குடியிருந்த தெருவும் பதிவாகியுள்ளன. அவர்கள்தம் வாழ்க்கையை மட்டுமே பொருளாகக் கொண்டு ஹேலி ரூபன்ஹோல்டு 2019இல் ஒரு தனிநூலே எழுத முடிந்தது.

அதே அரசி அரியணை ஏறுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் தொடங்கி, அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டு வரை, கொங்கு நாட்டின் வடமேற்கு எல்லையாக நிற்கும் நீலகிரியிலும் ஒரு கொலைத்தொடர் நிகழ்ந்தது. கொல்லப்பட்டோர் மலைச்சரிவுகளில் வாழ்ந்த குறும்பர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலில் இத்தொடர் சில வரிகளில் சொல்லி முடிக்கப்படுகிறது. 1835இல் நாற்பத்தெட்டுப் பேர், 1875இலும் 1882இலும் அதனினும் குறைந்த எண்ணிக்கையினர், 1900இல் ஒரு குடும்பம் முழுவதும். கடைசி நிகழ்வில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையாயினர் என்ற செய்தியோடு அப்பகுதி நின்றுவிடுகிறது. இறந்தோரில் ஒருவர் பெயரும் அங்கில்லை.

ஒயிட்சாப்பலில் கொன்றவனை எவரும் அறியவில்லை. நீலகிரியில் கொன்றவர்களை ஊரே அறிந்திருந்தும் எவரும் சொல்லவில்லை என்பதைத் தர்ஸ்டன் தரும் செய்தியே உணர்த்துகிறது. துப்புத்துலங்காமை என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் குறிப்பது பொருந்துமா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இக்கொலைகள் பதிவு செய்யப்பட்ட மொழியையும் அவை எதிர்கொண்ட சட்டத்தையும் ஒருசேர வைத்து நோக்குவதே இதன் வழி. படகர் என்னும் இன்றைய சமுதாயத்தின்மீது பழி சுமத்துவது இதன் நோக்கமன்று. பதிவுகளில் படகர் என்ற குழுப்பெயர் வரும் இடங்களில் அப்பெயரே இங்கும் எடுத்தாளப்படுகிறது.

மலையும் சீமையும்

நீலகிரி கோயம்புத்தூர்ச் சீமையோடு ஆட்சி முறையில் இணைந்திருந்த வரலாறு இக்கொலைகளின் பின்னணிக்கு இன்றியமையாதது. 1812இல் வில்லியம் கீஸ் மலையை அளந்து தம் அறிக்கையை அளித்தது கோயம்புத்தூர் ஆட்சியருக்கே. 1819 சனவரியில் மலையேறிய ஜான் சலிவனும் கோயம்புத்தூர் ஆட்சியரே. 1830இல் மலையின் பெரும்பகுதி மலபார் மாவட்டத்திற்கு மாற்றப்பட்டு, 1843இல் மீண்டும் கோயம்புத்தூருக்கு வந்தது. 1868இல் நீலகிரி தனி ஆணையரின் கீழ் வைக்கப்பட்டது. ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் முதல் ஆணையரானார். 1882இல் ஆணையர் பதவி நீங்கி ஆட்சியர் பதவி அமைந்தது. நாற்பத்தெட்டுப் பேர் கொல்லப்பட்ட 1835இல் மலை இரு மாவட்டங்களுக்கிடையே பிளவுபட்டுக் கிடந்தது என்பது மறக்கத்தக்கதன்று. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறுவதே ஒரு பெரும்பயணமாக இருந்த காலத்தில், அரசின் கண் மேட்டுநிலத்தில் இருந்தது. குறும்பர் வாழ்ந்த பவானி, மாயாறு நோக்கிய சரிவுகளில் அன்று.

அச்சரிவுகளுக்கும் மேட்டுநிலத்திற்கும் இடையே நெடுங்கால உறவு ஒன்று இருந்தது. மேட்டுநிலத்தில் உழுது பயிர்செய்த படகர் தானியம் தந்தனர். தோடர் பாலும் நெய்யும், கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும் தந்தனர். குறும்பரிடமிருந்து தேன், கூடை முதலிய காட்டுப்பொருள்கள் வந்தன. இவற்றோடு பொருளல்லாத ஒன்றும் வந்தது: காவல். படகர் ஊர் ஒவ்வொன்றுக்கும் உரிய குறும்பர் ஒருவர் இருந்தார். உழவு தொடங்கும் நாளில் முதல் விதையைத் தூவவும், நோயும் பிற குறும்பரின் தீவினையும் ஊரை அணுகாமல் காக்கவும் அவர் அழைக்கப்பட்டார். ஆண்டுதோறும் வீடுகளிலிருந்து அவருக்கு உரிய பங்கு சென்றது.

இந்த ஏற்பாட்டின் உள்முரண் வெளிப்படையானது. தீவினையைத் தடுக்கும் ஆற்றல் உடையவரிடம் அதைச் செய்யும் ஆற்றலும் உண்டு என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. விளைச்சல் நன்றாயின் அவர் காவலர். குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தால் அவரே முதல் ஐயத்திற்குரியவர். தெரியாத அயலார் எவரும் இங்குக் கொல்லப்படவில்லை. வீட்டு வாசலில் தானியம் பெற்றுச் சென்றவரும் அவர்தம் உறவினருமே கொல்லப்பட்டனர்.

காயமில்லாச் சாவு

குறும்பர்பால் இருந்த அச்சத்தின் உள்ளடக்கத்தைத் தர்ஸ்டன் விரிவாகவே தருகிறார். குறும்பர் பெண்களைக் கெடுத்து, அவர்தம் ஈரலை எடுத்துச் சாகச் செய்வர் என்றும், அறுத்த இடம் மந்திரத்தால் மூடிக்கொள்வதால் உடலில் தடயமே இராது என்றும் நம்பப்பட்டது. குறும்பர் சினந்து சொன்ன ஒரு சொல்லாலேயே சிலர் இறந்தனர் என்ற செய்தியும் உண்டு. மலையாள நாட்டில் ஒடி, ஒடியன் என வழங்கும் சொற்கள் குறிக்கும் நம்பிக்கையும் இதற்கு நெருங்கியதே.

இந்நம்பிக்கையின் தருக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. தடயம் இல்லாமையே இங்குச் சான்றாகிறது. காயம் இருந்தால் விலங்கோ வழிப்பறியாளனோ காரணமாகலாம். காயம் இல்லையெனில் செய்தவர் குறும்பராகத்தான் இருக்க வேண்டும். ஆப்பிரிக்க அசாண்டே மக்களைப் பற்றி 1937இல் எழுதிய எவான்ஸ் பிரிச்சர்டு, சூனிய நம்பிக்கை இயற்கைக் காரணத்தை மறுப்பதில்லை என்றும், அக்காரணம் இவருக்கு இந்நேரத்தில் ஏன் நேர்ந்தது என்பதற்கே விடை தருகிறது என்றும் விளக்கினார். நீலகிரியிலும் அம்மை அம்மையாகவே அறியப்பட்டது. மாட்டுநோய் மாட்டுநோயாகவே அறியப்பட்டது. அதை ஏவியவர் யார் என்பதே வினா. தமிழில் ஏவல் என்ற சொல் இதனைத் துல்லியமாகக் குறிக்கும்.

படகர் நோக்கில் பார்த்தால், இத்தொடரின் முதற்கொலை எப்போதும் குறும்பர் செய்ததே. தம் வீட்டில் நிகழ்ந்த சாவுகளே கொலைகள். பின்னர் நிகழ்ந்தது அதற்கான தண்டனை. அரசின் நோக்கிலோ முதலாவது நோய், இரண்டாவதே கொலை. ஆக, அவரவர் கணக்கில் கொலை வெவ்வேறு நாளில் தொடங்குகிறது.

ஹார்க்னஸ் கண்ட வழக்கு

தொடருக்கு முற்பட்ட ஒரு நிகழ்வு இதற்கு விளக்கமாக அமைகிறது. தோடரைப் பற்றி 1832இல் நூல் வெளியிட்ட ஹென்றி ஹார்க்னஸ், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் குறும்பர் ஒருவரைக் கொன்றதற்காகப் படகர் ஒருவர் மாகாண நீதிமன்றத் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டதைக் குறிப்பிடுகிறார். ஊரில் நோய் பரவியிருந்தது, மாடுகளும் இறந்தன. கொன்றவர் தம் குடும்பத்தில் பெரும்பாலோரை இழந்து தாமும் அரிதில் பிழைத்தவர். அக்குறும்பரே இதற்குக் காரணம் என்பதில் அக்கம்பக்கத்தில் எவருக்கும் ஐயமில்லை. பலமுறை முயன்று தோற்றபின், ஒரு கூட்டமாகப் பட்டப்பகலில் அவரை வளைத்துக் கொன்றனர்.

இக்குறிப்பில் இரண்டு செய்திகள் முதன்மையானவை. முதலாவது, கொலை மறைவில் நிகழவில்லை. பகலில், பலர் கூடி, பலமுறை முயன்று செய்த செயல் இது. செய்தவர்கள் அதைக் குற்றமாகக் கருதியிருந்தால் இரவைத் தேர்ந்திருப்பர். இரண்டாவது, கொன்றது கூட்டம்; தூக்கிலிடப்பட்டதாகச் சொல்லப்படுபவர் ஒருவர். கூட்டத்தின் செயலிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்துத் தண்டிப்பதே அந்நீதிமன்றத்தால் இயன்றது. மலைவாழ் மக்கள் இதிலிருந்து கற்ற பாடம் என்னவாக இருந்திருக்கும் என்பது ஊகத்திற்குரியதே. எனினும், வெளிப்படையாகச் செய்தால் ஒருவர் தூக்குமேடை ஏறுவார் என்று தெரிந்த ஒரு தலைமுறைக்குள்ளாகவே 1835 வருகிறது. அவ்வாண்டுக்குரிய செய்தியில் தூக்கு பற்றிய பேச்சே இல்லை; எண் மட்டுமே உள்ளது.

ஹார்க்னஸ் அக்கொலையைச் சொல்லும்போது, கொன்றவருக்குப் பெருஞ்சினம் மூட்டும் காரணம் இருந்ததாகக் கருதப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இந்தப் பரிவு கொன்றவர்பால் செல்கிறது. கொல்லப்பட்ட குறும்பருக்கும் குடும்பம் இருந்ததா, அவர் வீட்டிலும் அந்த நோய் புகுந்ததா என்னும் வினாக்கள் எழவே இல்லை. சரிவுகளில் வாழ்ந்தோரைக் கொள்ளைநோய் விட்டுவைத்திருக்க வாய்ப்பில்லை.

நாற்பத்தெட்டு என்னும் எண்

1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நீலகிரிப் படகர் 19,476 பேர். குறும்பர் 613 பேர். தோடர் 693, கோத்தர் 1,112, இருளர் 1,470 பேர் எனப் பதிவாயினர். காட்டுச்சரிவுகளில் சிதறி வாழ்ந்தோரை எண்ணுவதில் விடுபாடு மிகுதி என்பதால் 613 என்பதைக் குறைந்த அளவாகவே கொள்ள வேண்டும். முப்பத்தாறு ஆண்டு இடைவெளியும் உண்டு. இவ்விரு தடைகளையும் மனத்திற்கொண்டு ஒப்பிட்டாலும், நாற்பத்தெட்டு என்பது அவ்வெண்ணிக்கையில் ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்கு. குறும்பர் குடியிருப்புகள் சில குடிசைகளே கொண்டவை. எனவே 1835இல் நிகழ்ந்தது தனியொரு சூனியக்காரர்மேல் நிகழ்ந்த தாக்குதலாக இருக்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகள், அவற்றில் இருந்த பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, தாக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த அளவிலான ஒரு நிகழ்வைக் கொலை என்பதைவிடப் படுகொலை என்பதே பொருந்தும்.

ஆற்றல் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் என்ற எண்ணமே குடும்பத்தோடு கொல்வதற்குக் காரணமாகலாம். 1900இலும் குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டதை நோக்க, இது தற்செயலன்று. குடும்பம் முழுவதையும் கொல்வதில் சட்டம் சார்ந்த ஒரு விளைவும் உண்டு. முறையிடுவோர் எஞ்சுவதில்லை.

செய்வினையும் செயப்பாட்டுவினையும்

தமிழில் செய்வினை என்னும் சொல் இருபொருள் உடையது. இலக்கணத்தில் அது எழுவாய் தானே செயலாற்றும் வினை. வழக்கில் அது சூனியம். நீலகிரிப் பதிவுகளை இந்த இருபொருளையும் முன்வைத்துப் படித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்.

குறும்பரின் சூனியம் பற்றிய தர்ஸ்டனின் தொடர்களில் வினைமுதல் எப்போதும் வெளிப்படையாக இருக்கிறது. குறும்பர் கெடுக்கிறார், எடுக்கிறார், சாகச் செய்கிறார். இச்செயல்கள் எவராலும் காணப்பட்டவை அல்ல என்றாலும், தொடரில் செய்தவர் உண்டு. இவற்றுக்கு எதிராகக் குறும்பர் கொலைகளைச் சொல்லும் தொடர்களை வைத்து நோக்கலாம். நாற்பத்தெட்டுப் பேர் கொல்லப்பட்டனர். ஒரு குடும்பம் கொல்லப்பட்டது. இவை செயப்பாட்டுவினைத் தொடர்கள். அவற்றில் மூன்றாம் வேற்றுமை ஏற்று நிற்க வேண்டிய வினைமுதல் இல்லை. உடல் கிடந்த கொலைக்கு எழுவாய் இல்லை; உடலில் தடயமே இல்லாத கொலைக்கு எழுவாய் உண்டு.

ஆங்கில அலுவல் நடையில் செயப்பாட்டுவினை மிகுந்து வருவது இயல்பு என்று இதற்கு மறுப்புக் கூறலாம். அது உண்மையே. ஆயினும் அதே நடை, அதே பக்கங்களில், சூனியத்தைச் சொல்லும்போது அந்த இயல்பைத் தளர்த்திக்கொள்கிறது. நம்பப்படுகிறது என்னும் காப்புச்சொல் ஒன்றைத் தொடக்கத்தில் இட்டுவிட்டால், பிறகு வரும் வினைகளெல்லாம் செய்வினைகளாகத் தடையின்றி ஓடுகின்றன. குறும்பர் என்றாலே சூனியக்காரர் என்ற முடிவை வாசகர் எட்டுவதற்கு இந்நடையும் ஒரு காரணம்.

இந்நடை ஒருவருடையதன்று. ஹார்க்னஸ், பாசல் சமயப்பணியாளர் மெட்ஸ், 1873இல் நூல் வெளிவந்த பிரீக்ஸ், 1880இல் மாவட்டக் கையேடு தொகுத்த கிரிக், அதன்பின் தர்ஸ்டன் என இது கைமாறி வந்தது. பெரும்பாலும் மேட்டுநிலத்தில் தங்கி, அங்கு வாழ்ந்தோரின் வாய்மொழியைக் கேட்டு எழுதப்பட்டவை இவை. நூரித் பேர்டு டேவிட் 1987இல் வெளியிட்ட கட்டுரையொன்றின் தலைப்பே நீலகிரிக் குறும்பர் என்பது ஓர் இனவரைவியல் புனைவா என்று வினவுகிறது. ஆலு, பெட்டா, ஜேனு, முள்ளு எனப் பல பிரிவுகளாக, மொழியாலும் தொழிலாலும் வேறுபட்டு வாழ்ந்த மக்களை ஒரே அச்சத்தின் பெயரால் ஒன்றாக்கியதில் அந்நூல் மரபுக்குப் பங்குண்டு. தொண்டைமண்டலப் புழல் கோட்டைக் குறும்பரோடு இவர்களை இணைத்துப் பேசிய பழைய கருதுகோள்களும் பெயரொற்றுமையின் வலிமையிலேயே நின்றன. அவற்றை இங்கு விரித்தல் வேண்டா.

சட்டம் கேட்டதும் ஊர் சொல்லாததும்

தொடரின் பிற்பகுதியான 1875, 1882, 1900 ஆகிய ஆண்டுகள் புதிய சட்ட அமைப்பின் கீழ் வருகின்றன. 1862 சனவரி 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை சென்னை மாகாணக் குற்றவியல் நீதிமன்றங்கள் கும்பினியின் ஒழுங்குமுறைகளால் திருத்தப்பட்ட இசுலாமியக் குற்றவியல் நெறியைப் பின்பற்றின. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் மாகாணக் காவல்துறையை உருவாக்கியது. 1872இல் சாட்சியச் சட்டம் வந்தது.

புதிய தண்டனைச் சட்டத்தில் சூனியத்திற்கு இடமில்லை. தெய்வத்தின் சினத்திற்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவரைச் செயலாற்றச் செய்வதை 508ஆம் பிரிவு குற்றமாக்கியது. ஆனால் மந்திரத்தால் ஈரலை எடுத்தவர்மேல் வழக்குத் தொடுக்க வழியில்லை. ஹார்க்னஸ் பரிவோடு குறிப்பிட்ட சினமூட்டல் என்னும் வாதமும் இங்கு வலுவிழக்கிறது. 300ஆம் பிரிவின் முதல் விலக்கு, சினமூட்டல் கடுமையானதாக மட்டுமன்றித் திடீரென நிகழ்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்றது. மாதக்கணக்கில் நீண்ட நோயும் ஊர்கூடி எடுத்த முடிவும் திடீர் என்ற சொல்லுக்குள் அடங்கா. இவ்வாறாகப் படகரின் முறையீட்டைக் கேட்க மன்றமில்லை. அவர்தம் செயலுக்குத் தணிவும் இல்லை. மலைமக்களுக்கு எஞ்சிய ஒரே பாதுகாப்பு வாய்மூடல்.

அவ்வாய்மூடலை உடைக்கும் பழைய கருவியும் இக்காலத்தில் மழுங்கியது. சென்னை மாகாணத்தில் வாக்குமூலம் பெறச் சித்திரவதை கையாளப்பட்டதை 1855ஆம் ஆண்டு ஆணையம் வெளிப்படுத்தியிருந்தது. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது எனச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விதித்தது. இது அறமுடைய விதி. ஆனால் கண்ட சாட்சி எவரும் பேசாத இடத்தில் அது வழக்கை முற்றிலும் அயலார் கையில் விட்டது. உடல் இருந்தது, ஆயுதம் இருந்திருக்கலாம், பேசும் வாய் இல்லை.

1900ஆம் ஆண்டு நிகழ்வு இதன் முழுவடிவம். கொல்லப்பட்ட குடும்பத்தின் தலைவர் மருத்துவம் அறிந்தவர் எனப் பெயர் பெற்றவர். படகர் ஊர் ஒன்றுக்கு நோயும் சாவும் கொண்டுவந்தவர் எனக் கருதப்பட்டார். அச்செய்தி தரும் காரணம் வருமாறு: நாட்டுப்புறம் முழுவதும் கொன்றவர்பால் பரிவு கொண்டிருந்ததால் துப்பறிதல் மிகக் கடினமாயிற்று, குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

நாட்டுப்புறம் முழுவதும் என்ற சொற்சேர்க்கையே இங்கு ஆராயத்தக்கது. குறும்பர் அந்நாட்டுப்புறத்தில் வாழ்ந்தவர்கள் அல்லரோ? கொல்லப்பட்ட குடும்பத்தின் உறவினர் அடுத்த சரிவிலேனும் இருந்திருப்பர். அவர்களும் கொன்றவர்பால் பரிவு கொண்டிருந்தனரா? அலுவலர் கருத்தில் நாட்டுப்புறம் என்பது உழுது வரிசெலுத்துவோரின் ஊர்களே. காட்டுச்சரிவு அதற்குப் புறம்பானது. பரிவு என்ற சொல்லும் ஐயத்திற்குரியது. ஊரார் அனைவரும் பரிவினால்தான் பேசாதிருந்தனர் என்று கொள்ள முடியாது. பேசினால் ஊர்விலக்கு வரும் என்ற அச்சமும் பேசாமைக்குக் காரணமாகலாம். கொல்லப்பட்டவரின் இனத்தார் பழிவாங்குவர் என்ற அச்சமும் அவ்வாறே. அச்சத்தைப் பரிவு என்று பெயரிட்டதன்மூலம் அக்கூற்று வழக்கின் தோல்விக்கு ஒரு மென்மையான விளக்கத்தைப் பெற்றுக்கொள்கிறது.

தர்ஸ்டன் சொல்லும் மற்றொரு நிகழ்வு, இவ்வச்சம் குறும்பரோடு நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது. படகர் ஊருக்குத் தமக்குரிய பங்கைப் பெறச் சென்ற தோடர் குழுவில் ஒருவர், அவ்வூருக்கு அருகே மலையுச்சியில் அமர்ந்த நிலையில் இறந்து காணப்பட்டார். உடலை எரித்த பின்னரே அவர் கொல்லப்பட்டதாகக் காவல்துறைக்குச் செய்தி சென்றது. அவர் படகர் சிறுமி ஒருத்திக்குச் செய்வினை செய்து அவள் இறந்ததாகக் கருதப்பட்டது விசாரணையில் தெரியவந்தது. அதனால் படகர் கொன்றிருக்கலாம் என்ற ஊகத்தோடு அது முடிந்தது. இங்குப் புகார் செய்ய ஆள் இருந்தது. உடல் இல்லை. குறும்பர் வழக்கில் உடல் இருந்தது. புகார் செய்ய ஆள் இல்லை. சாட்சியச் சட்டத்திற்கு இரண்டும் வேண்டியிருந்தன.

காலத்தை ஒட்டி ஒரு கேள்வி

1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு. காடெரித்துப் பயிரிடும் குறும்பரின் வேளாண்மை அதனால் சுருங்கியது. அதற்குமுன் 1876–78இல் தென்னிந்தியா முழுவதையும் பஞ்சம் வாட்டியது. சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பெருகிவந்தன. குறும்பர் வாழ்நிலம் குறைந்து, மேட்டுநிலத்துத் தானியத்தை அவர்கள் மிகுதியாக நாட வேண்டிவந்தபோது பழைய உறவு இறுக்கமடைந்து கொலையில் முடிந்தது என விளக்கும் ஆர்வம் எழுவது இயல்பு. ஆனால் தொடரின் மிகப்பெரும் நிகழ்வு 1835இல், காப்பிக்கும் வனச்சட்டத்திற்கும் முன்பே நிகழ்ந்துவிட்டது. பொருளியல் நெருக்கடி பிற்காலக் கொலைகளுக்குத் துணைக்காரணமாக இருந்திருக்கலாம். தொடருக்கு முதற்காரணமாக அதனைக் காட்ட இயலாது. ஆண்டுகள் ஒத்துவருகின்றன என்பதாலேயே காரணம் கண்டுவிட்டதாகக் கொள்வது, நோய் வந்த ஆண்டில் குறும்பர் வந்துபோனார் என்று காரணம் கண்ட அதே தருக்கத்திற்கு அண்மையில் செல்லும்.

ஒப்புதலின் இரு வடிவங்கள்

ஒயிட்சாப்பலோடு மீண்டும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகிறது. அங்கு அறியாமை நிலவியது. எனவே ஊரெங்கும் பேச்சு, செய்தித்தாள்களுக்குக் கடிதங்கள், நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக ஊகங்கள். இங்கு நிலவியது சொல்லாமை. எனவே பேச்சே இல்லை. அரசேட்டில் சில வரிகள். முன்னதில் புதிய தடயம் கிடைத்தால் வழக்கு துலங்கக்கூடும். பின்னதில் துலங்க வேண்டிய மறைபொருள் எதுவும் கொலை நிகழ்ந்த ஊரில் இருக்கவில்லை. அது நீதிமன்றத்திற்கு மட்டுமே மறைபொருள். இவ்வகை வழக்கைத் துப்புத்துலங்காதது என்பதைவிட, சான்று மறுக்கப்பட்டது என்பது பொருத்தம். சட்டேட்டில் இரண்டும் ஒரே பட்டியலில் சேர்வதால் வரலாற்றாய்விலும் சேர்ந்துவிடுகின்றன.

தம் தவற்றை வாய்விட்டுச் சொல்லும் மரபு அற்ற மக்களாகப் படகரைக் கருதுவதும் பிழை. அவர்தம் இறுதிச்சடங்கில் கரு ஹரசோது என்னும் பகுதி உண்டு. இறந்தவரின் உடலருகே நின்று முதியவர் ஒருவர் பாவங்களை வரிசையாக உரைக்க, சூழ்ந்திருப்போர் அது பாவம் என்று ஏற்றுச் சொல்வர். பழைய வழக்கத்தில் அப்பாவங்கள் கன்று ஒன்றின்மேல் ஏற்றப்பட்டு அது விடப்பட்டது. 1871இல் நாட்டுப்பாடல் தொகுப்பு வெளியிட்ட சார்லஸ் கோவர் முதலாகப் பலரும் இச்சடங்கை வியந்து எழுதியுள்ளனர்.

இச்சடங்கில் ஒப்புதல் தனியொருவருடையதன்று. இறந்தவரும் அவர்தம் முன்னோரும் செய்திருக்கக்கூடியவை எல்லாம், அவர் செய்தாரா இல்லையா என்று எவரும் வினவாமலே, எல்லார் முன்னிலையிலும் ஒரே வரிசையில் சொல்லப்படுகின்றன. 1900இல் நீதிமன்றம் கேட்டதோ, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னாரைக் கொன்றது இவர்தானா என்பது. ஊர் அறிந்த ஒப்புதல் வடிவத்தில் அவ்வினாவுக்கு இடமில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து சொல்லும் விடைக்கு நீதிமன்றத்திலும் இடமில்லை. கொலையுண்ட குடும்பத்திற்கோ, வெள்ளரிக்கொம்பை போன்ற சிற்றூர்களில் இன்றும் வாழும் ஆலு குறும்பர்தம் வாய்மொழியைத் தவிர, பேச இடமே எஞ்சவில்லை. அவ்வூரை அடுத்துள்ள எழுத்துப்பாறையின் பழைய ஓவியங்களைக் காண ஆய்வாளர் பலர் சென்று வருகின்றனர். 1835ஐப் பற்றிக் கேட்கவும் அதே வழியில்தான் செல்ல வேண்டும்.